கீலிங் கோடா, கண்ணாடிக் கூடமா: உயிர்க்கோளத்தை எங்கே தொடங்கி நடத்துவது?

நிலக்கோளம், வளிமண்டலம், நீர்க்கோளம், உயிர்க்கோளம் என்று நான்கு பாடமாகப் பிரித்து நடத்தினால் பிள்ளைகள் நான்கையும் தனித்தனியாகவே மனப்பாடம் செய்கிறார்கள். நாம் விடும் மூச்சுக்கும் பாறைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே அமைதியாகிவிடும். அந்தச் சுவரை உடைக்க நான் இரண்டு வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, ஹவாய் தீவின் மௌனா லோவாவில் 1958-இல் சார்லஸ் கீலிங் தொடங்கிய கார்பன் டை ஆக்சைடு அளவீடு. அப்போது பத்து லட்சத்தில் 315 பங்கு அளவில் இருந்தது, 2024-இல் 420-க்கும் மேல் இருந்தது. இந்த அளவுகளை வரைபடமாக்கினால் வருவதுதான் கீலிங் கோடு. அதில் இருக்கும் ரம்பப் பற்கள்தான் எனக்குப் பிடித்தவை. மே மாதம் உச்சிக்குப் போய், வட அரைக்கோளத்துச் செடிகொடிகள் கோடையில் தழைத்துக் கார்பனை இழுத்துக்கொள்ள, செப்டம்பர் வாக்கில் கீழே இறங்கும். ஓராண்டு அளவுகளைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து இணைக்கச் சொன்னால், காடு மூச்சு விடுவது பிள்ளைகளின் பென்சில் நுனியிலேயே தெரியும். ஆனால் மண்ணும் பாறையும் இதில் கண்ணில் படுவதில்லை.

அடுத்தது பயோஸ்பியர் 2. மூடிய இடத்துக்குள் ஒரு குட்டிப் பூமி தானே இயங்குமா என்று பார்க்க அமெரிக்காவின் அரிசோனாவில் கட்டிய, மூன்று ஏக்கருக்குச் சற்று மேலான கண்ணாடிக் கூடம், உள்ளே மழைக்காடு, சின்னக் கடல், வயல். 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் உள்ளே போய் இரண்டு ஆண்டுகளுக்குக் கதவை மூடிக்கொண்டார்கள். பதினாறு மாதத்தில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 14 சொச்சத்துக்கு இறங்கி, வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. மக்கு உரம் மிகுந்த மண்ணில் நுண்ணுயிரிகள் ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடாக விட்டன. சரி, அப்படியென்றால் கார்பன் டை ஆக்சைடு அதே அளவுக்கு ஏறியிருக்க வேண்டுமே, ஏன் ஏறவில்லை?

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுச் சுண்ணாம்பு நீரில் ஸ்ட்ரா வைத்து ஊதச் சொல்வேன் (உறிஞ்சக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்). பால் போல மாறி, அடியில் வெள்ளையாகப் படியும். கூடத்தின் கான்கிரீட்டிலும் இதுவேதான் நடந்தது. அதிலிருந்த கால்சியம் ஹைட்ராக்சைடு கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கால்சியம் கார்பனேட்டாகிவிட்டது. எட்டுப் பேர் சுவாசிக்க வேண்டிய ஆக்சிஜன் சுவருக்குள் கல்லாகப் போய்விட்டது. நான்கு கோளமும் ஒரே சோதனைக் குழாயில் வந்து நிற்பதை வேறு எந்தப் பாடத்திலும் நான் பார்த்ததில்லை.

வெள்ளம், புயல் செய்திகளை வெட்டி ஒட்டி நடத்துவதும் உண்டு. பயம்தான் மிஞ்சுகிறது, காரணம் மனத்தில் நிற்பதில்லை.

என் தேர்வு, கண்ணாடிக் கூடம் முதலில், அப்புறம் கீலிங் கோடு. கான்கிரீட் அங்கே செய்ததை பூமியில் பாறைகள் மிக மெதுவாகச் செய்கின்றன என்று தெரிந்தபிறகு பார்த்தால்தான், அந்தக் கோடு ஏறும் வேகம் பிள்ளைகளுக்கு உறைக்கிறது. ஒரே ஒரு பீரியட்தான் கிடைக்கும் என்றால் கூடத்தை மட்டும் நடத்துங்கள், சுண்ணாம்பு நீரை முந்தின நாளே கரைத்துத் தெளிய வைத்துவிடுங்கள்.