எல்டிஹெச்ஏ ஜீனை அடக்க பிஎல்கேஓ.1 லென்டிவைரஸ்: நாள்பட்ட அனுபவம்

மனித செல்களில் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ்-ஏ நொதியின் ஜீனான எல்டிஹெச்ஏ-வை அடக்க, சேலத்தில் எங்கள் லேபில் ஓடுவது மூன்று பிளாஸ்மிட்களின் (வட்ட டிஎன்ஏ) பழைய கூட்டணிதான்; இவை சேர்ந்து, ஹேர்பினைச் செல்லுக்குள் கொண்டுபோகும் லென்டிவைரஸைத் தரும். ஹேர்பினுக்கு (குறிவைத்த ஜீனின் ஆர்என்ஏவைக் குறைக்கும் வளைந்த சிறு ஆர்என்ஏ) பிஎல்கேஓ.1, வைரஸ் துகளைக் கட்டும் பேக்கேஜிங்குக்கு பிஎஸ்பாக்ஸ்2, உறைப்புரதத்துக்கு பிஎம்டி2.ஜி. மூன்றும் அகர் ஸ்டாபாக (அகர் ஜெல்லில் குத்தி வளர்த்த பாக்டீரியா) வருவதால் டிரை ஐஸ் வேண்டாம். சித்திரை வெயிலில் கூரியர் ஒருநாள் தாமதமானாலும் பயமில்லை. ரெடிமேட் வைரஸ் வாங்கினால் இந்த நிம்மதி கிடையாது. உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் பிஎஸ்எல்-2 (இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு) வசதியும் கட்டாயம்.

பிஎல்கேஓ.1-ஐ ஸ்டிபிஎல்3 பாக்டீரியாவில் 30 டிகிரியில் வளர்ப்பது பாதுகாப்பு. மற்ற வகைகளில் எல்டிஆர் பகுதிகள் (வைரஸ் டிஎன்ஏவின் இரு முனையிலும் வரும் ஒரேமாதிரித் தொடர்கள்) ஒன்றோடொன்று இணைந்து, இடையில் உள்ள துண்டு கழன்றுபோகலாம்.

10 செ.மீ. டிஷ்ஷில் 293டி செல்கள் (வைரஸ் தயாரிக்கும் மனித செல் வகை) 70-80 சதவீதம் நிறைந்ததும் ஹேர்பின் பிளாஸ்மிட் 10 மைக்ரோகிராம், பிஎஸ்பாக்ஸ்2 7.5, பிஎம்டி2.ஜி 2.5. மொத்த டிஎன்ஏவுக்கு மூன்று மடங்கு பிஇஐ (டிஎன்ஏவைச் செல்லுக்குள் நுழைக்கும் வேதிப்பொருள்). மறுநாள் காலை மீடியம் மாற்றும்போதுதான் பலருக்குக் கைகொடுக்காமல் போகிறது: இந்தச் செல்கள் டிஷ்ஷில் லேசாகத்தான் ஒட்டும், ஃபிரிட்ஜ் மீடியத்தை நேரே ஊற்றினால் தோல் உரிவதுபோல் கிளம்பிவிடும். 37 டிகிரிக்குச் சூடாக்கி, ஓரச்சுவரில் வழியவிடவும். 48, 72 மணி நேரத்தில் சேகரித்து, 0.45 மைக்ரான் பிஇஎஸ் ஃபில்டரில் வடித்து, சிறு சிறு குழாய்களில் மைனஸ் 80-ல் வைக்கவும். நைட்ரோசெல்லுலோஸ் ஃபில்டர் வைரஸைப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைக்காதீர்கள்.

ஆய்வுச் செல்களில் தொற்றவைக்க, வைரஸ் ஒட்ட உதவும் பாலிபிரீன் மி.லி.க்கு 8 மைக்ரோகிராம். வைரஸ் ஏறாத செல்களைக் கொல்லும் பியூரோமைசின் மருந்தின் அளவை யாரையும் கேட்டு வைக்காதீர்கள். மி.லி.க்கு 0.5 முதல் 5 மைக்ரோகிராம் வரை போட்டுப் பார்த்து, வைரஸ் படாத செல்கள் மூன்று நான்கு நாளில் முழுக்கச் சாகும் குறைந்த அளவை எடுக்கவும்.

வைரஸ் எடுப்பதைவிட, அடங்கியதா என்று நிரூபிப்பதுதான் பாடு. ஆர்என்ஏ சீக்கிரம் குறையும்; ஏற்கனவே இருக்கும் நொதி கரைய நாளாகும், புரதத்தை ஐந்து நாளுக்கு முன் பார்த்து ஏமாற வேண்டாம். வெஸ்டர்னில் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பழக்கதோஷத்தில் ஜிஏபிடிஹெச் புரதத்தை ஒப்பிடும் கன்ட்ரோலாக வைத்தால் வம்பு. அதுவும் எல்டிஹெச்ஏ-வும் ஏறத்தாழ 36-37 கிலோடால்டன், பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். வேறு எடையுள்ள வின்குலின் புரதத்தை வையுங்கள். செயல்திறனை 340 நானோமீட்டரில் என்ஏடிஹெச் குறைவதைக் கொண்டு அளக்கும்போது எல்டிஹெச்பி-யும் (இதே வேலை செய்யும் இன்னொரு வகை) சேர்ந்தே கணக்கில் வரும், அதனால் பட்டை மங்கிய அளவுக்கு எண் இறங்காது. மீடியத்தில் உள்ள கன்றுச் சீரத்திலும் இதே நொதி உண்டு. செல்களை உடைக்குமுன் பிபிஎஸ் உப்புக் கரைசலில் நன்றாகக் கழுவாவிட்டால் அளப்பது கன்றின் நொதியைத்தான்.

ஒரே ஹேர்பினை நம்பிப் பேப்பர் எழுதாதீர்கள். வெவ்வேறு இடத்தைக் குறிவைக்கும் இரண்டு, கூடவே எந்த ஜீனையும் குறிவைக்காத ஸ்கிராம்பிள்டு ஹேர்பின். ஒன்று 3' யூடிஆரைக் (ஆர்என்ஏவின் கடைசியில் புரதமாகாத பகுதி) குறிவைத்தால், யூடிஆர் இல்லாத சிடிஎன்ஏ-வை (ஆர்என்ஏவிலிருந்து எடுத்த டிஎன்ஏ நகல்) திருப்பிக் கொடுத்து, நொதி வந்ததும் விளைவு மறைவதை, அதாவது மீட்சியை, காட்டுவது சுலபம்.

பெரிய குறை, அடக்கம் நிலைக்காதது. நொதி தேவைப்படும் செல்லில் ஹேர்பின் மந்தமானவை முந்தி வளர்ந்துவிடும். பியூரோமைசின் தொடர்ந்தாலும் இது நிற்காது. பியூரோமைசினைத் தாங்கவைக்கும் எதிர்ப்பு ஜீன், ஹேர்பினுடையது அல்லாத தனி புரோமோட்டரில் (ஜீனை இயக்கும் பகுதி) ஓடுகிறது. தேர்வு முடிந்த கையோடு செல்களை நிறைய சிறு குழாய்களில் உறையவைத்து, சில பாசேஜுக்கு (செல்களைப் புது டிஷ்ஷுக்கு மாற்றும் சுற்று) ஒருமுறை புதிதாக எடுப்பதே வழி. வளர்ச்சி ரொம்பவே அடிபட்டால் டெட்-பிஎல்கேஓ-வுக்கு மாறுங்கள், டாக்சிசைக்ளின் போட்டால் மட்டும் அடங்கும். அதற்கு டெட்ராசைக்ளின் இல்லாத சீரம் வேண்டும், விலை கடிக்கும்.