விண்டோஸ் இருக்கும் கணினியில் லினக்ஸ் மின்ட் 22

8 ஜிபி நினைவகம் கொண்ட என் பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 10-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தையும் நிறுவி நான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணக்கு மென்பொருளோ விண்டோஸில் மட்டுமே ஓடுகிறது. ஆகவே கணக்குக்கு விண்டோஸ், இணையத்துக்கு மின்ட் என்று பிரித்துக்கொண்டேன்.

மின்டின் நிறுவல் முறையில் குறை சொல்ல அதிகமில்லை. பென்டிரைவிலிருந்தே அதை ஓட்டிப் பார்த்து, வைஃபையும் ஒலியும் வேலை செய்வதை உறுதி செய்துகொண்ட பிறகு வட்டில் கை வைத்தால் போதும். விண்டோஸுக்குள்ளேயே சி டிரைவைச் சுருக்கி 100 ஜிபி காலியிடம் ஒதுக்கியிருந்தேன்; மற்றது அரை மணி நேரத்தில் முடிந்தது.

கவனம் தேவைப்படுவது அதற்கு முன்னால்தான். வட்டிலுள்ள தரவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கும் கணினியாக இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியையும் நிறுத்திவிட வேண்டும். இதை நான் மறந்துவிட்டேன். மின்டிலிருந்து டி டிரைவுக்குப் படங்களை நகலெடுக்க முயன்றபோது, எழுத அனுமதியில்லை என்று அது மறுத்துவிட்டது. அந்த வசதி இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருப்பதால், தரவு கெட்டுவிடாதபடி மின்ட் அந்த டிரைவைப் படிக்க மட்டுமே திறக்கிறது. ஒரு மாலை முழுவதும் மின்டைத் திட்டித் தீர்த்த பிறகே தவறு என்னுடையது என்று புரிந்தது.

கடிகாரமும் கொஞ்சம் படுத்தியது. மின்டில் காலை 9 மணி. மறுதொடக்கம் செய்து விண்டோஸுக்குப் போனால் 3.30. தாய்ப்பலகையின் கடிகாரத்தில் மின்ட் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்க, விண்டோஸ் அதையே நம் ஊர் நேரமாக எடுத்துக்கொண்டதால் வந்த ஐந்தரை மணி வித்தியாசம் இது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் ஒரே கட்டளையில் சரியாயிற்று என்றாலும், நிறுவும்போதே மின்ட் இதைக் கேட்டிருக்கலாம்.

தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் தொகுப்பைச் சேர்த்தபின் சிக்கல் இல்லை.

கணினியை இயக்கியதும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்டு வரும் க்ரப் பட்டியல் 10 விநாடி காத்திருந்து, தானாக மின்டுக்குள் போய்விடுகிறது. பொத்தானை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய் வரும் அப்பாவுக்கு ஒவ்வொரு முறையும் மின்டே கிடைத்ததால், கடைசியாகத் திறந்த இயங்குதளமே மீண்டும் திறக்கும்படி அதை மாற்றி வைத்திருக்கிறேன்.