முன்பள்ளிகளுக்கு வரும் செவிப்புலன் சோதனைச் சேவை: விசுவமடுவிலிருந்து ஒரு மதிப்பீடு

இலங்கையின் வடக்கே விசுவமடு, தருமபுரம் பக்கத்து முன்பள்ளிகளுக்கு வந்து சிறுவர்களின் செவிப்புலனைச் சோதிக்கும் நடமாடும் சேவையைப் பற்றிக் கேட்டால், ஆசிரியைகள் பலரும் முதலில் அந்தக் கையடக்கக் கருவியைத்தான் புகழ்வார்கள். காதினுள் மென்மையான முனையொன்றை வைத்து மெல்லிய ஒலியை அனுப்பினால், உட்செவியின் மயிர்க்கலங்கள் எழுப்பும் நுண்ணொலியை அது பதிந்துகொள்கிறது. பிள்ளை பதில் சொல்லவோ கையுயர்த்தவோ தேவையில்லை. முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்க்கும் பழைய முறையில், சில ஒலிகளை மட்டும் கேட்கும் பிள்ளையும் திரும்பிப் பார்த்துத் தப்பிவிடும். ஆயினும் என் மதிப்பில் இச்சேவையின் பலம், கருவி திருப்தியான முடிவைக் காட்டாத பிள்ளைக்கு அதன்பின் என்ன செய்யப்படுகிறது என்பதிலேயே உள்ளது.

மாரிகாலத்தில் எங்கள் பிள்ளைகளில் பலருக்கு மூக்கு வடியும். நடுச்செவியில் நீர் தேங்கினாலோ குறும்பி அடைத்தாலோ சோதனை சரிவராது. ஆகவே இக்குழுவினர் உடனே யாரையும் நகரத்துக்கு அனுப்புவதில்லை. இரண்டு வாரமளவில் மீண்டும் சோதித்து, அப்போதும் சரிவராவிட்டால் நடுச்செவியைப் பார்க்க வைத்தியரிடம் அனுப்பி, சிகிச்சைக்குப் பின் இன்னொரு முறை சோதித்து, அதன் பிறகே சிறுவர் செவிப்புலனியலாளரிடம் சேர்க்கிறார்கள். அமெரிக்காவில் வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்காக அரசு நிதியில் நடக்கும் ஹெட் ஸ்டார்ட் முன்பள்ளிகளில், பிள்ளை சேர்ந்து 45 நாட்களுக்குள் செவிப்புலன் சோதனை நடக்க வேண்டும் என்பது விதி. அவற்றுக்கு வழிகாட்டிய யூட்டா மாநிலப் பல்கலைக்கழகக் குழுவும் ஏறத்தாழ இதே ஒழுங்கையே பரிந்துரைக்கிறது. நாட்கூலியை இழந்து ஏ-35 வீதியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெற்றோருக்கு, வீண் அலைச்சல் ஒன்று குறைவதே பெரிய உதவி.

செவிப்புலனியலாளர் தம்மிடம் வரும் பிள்ளைகளைப் பார்ப்பதோடு நின்றுவிடவில்லை. சோதனை செய்பவர்களுடன் இருந்து, காதுக்கு ஏற்ற முனையைத் தெரிவது முதல் மின்விசிறியை நிறுத்துவது வரை பழக்கினார். பெற்றோரின் சம்மதத்துடன் முன்பள்ளி ஆசிரியைகளான எங்களுக்கும் கடிதம் எழுதினார். பராக்குப் பார்ப்பவன் என்று நாங்கள் எண்ணிய ஒரு சிறுவனுக்கு ஒரு காதில் மட்டுமே கேட்கிறது என்பதும், அந்தக் காது ஆசிரியையின் பக்கம் இருக்குமாறு அவனை அமர்த்த வேண்டும் என்பதும் அதில்தான் தெரிந்தன. கடிதம் ஆங்கிலத்தில் வந்தது ஒரு குறை. பெற்றோருக்கு நாங்களே வாசித்து விளக்க வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய குறை காது அச்சு, அதாவது கேட்கும் கருவியைக் காதில் பொருத்த அவரவர் காதின் அளவுக்குச் செய்யப்படும் துண்டு. வளரும் பிள்ளைக்கு அச்சு விரைவில் தளர்ந்துவிடும். தளர்ந்தால் கேட்கும் கருவி கீச்சிடும், பிள்ளை கழற்றி எறியும். புதிய அச்சுக்கு அளவெடுக்க நகரத்துக்கே போக வேண்டியிருப்பதால், விலையுயர்ந்த கருவி அலுமாரியில் கிடக்கிறது. அளவெடுக்கும் வேலையையாவது இங்கேயே செய்யலாம்.

பிறந்து 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் நோயறிதல், 6 மாதத்துக்குள் உதவி என்பதே உலகெங்கும் பேசப்படும் இலக்கு. அதன்படி பார்த்தால் முன்பள்ளி வயது மிகவும் பிந்தியது. பச்சிளம் குழந்தையுள்ள வீடுகளுக்கெல்லாம் செல்லும் குடும்பநல உத்தியோகத்தருடன் இக்குழு இன்னும் சேர்ந்து இயங்காதது எனக்கு விளங்கவில்லை. போர்க்காலத்து வெடியோசையால் செவிப்புலன் இழந்தவர்கள் நம்மிடையே இருப்பதால், அதன்பின் பிறந்த பிள்ளைக்கு அப்படியொன்றும் வராது என்று நம்பும் பெற்றோரும் உண்டு. வீட்டுக்கே வரும் அந்த உத்தியோகத்தர் சொன்னால்தான் கேட்பார்கள்.

இச்சேவையை அழைக்க எண்ணும் முன்பள்ளிகள் மாரி தொடங்குமுன் திகதி கேட்பதும், வீதியிலிருந்து விலகிய அறையொன்றை ஒதுக்குவதும் நல்லது. சோதனையில் தேறிய பிள்ளைக்கும் பின்னர் பேச்சுத் தாமதம் தெரிந்தால் மறுபடி அனுப்பலாம் என்று குழுவினரே கூறுகிறார்கள்.