உப்புக்காற்று ஊரில் ஸ்ப்ளிட் ஏசி: எது லாபம், எது தொல்லை

டக்ட் இல்லாத ஏசி என்றால் நம் ஊரில் சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட்தான். கடலூர், புதுச்சேரி வீட்டுக்கு அது போதுமா, ஈ.சி.ஆர். ஓரம் புதிதாகக் கட்டும் பங்களாக்களில் போடுவதுபோல ஃபால்ஸ் சீலிங்குக்குள் டக்ட் (குளிர்காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் தகரக் குழாய்) ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: ஸ்ப்ளிட்டே போதும், கடற்கரை ஊருக்கு அதுதான் பொருத்தமும்கூட. ஒரே நிபந்தனை, எந்த கம்பெனி என்று ஒரு வாரம் கடை கடையாக அலைகிறவர், அதை மாட்டும் மூன்று மணி நேரமும் மெக்கானிக் பக்கத்தில் நிற்க வேண்டும். இங்கே ஏசி சீக்கிரம் கெடுவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்: உப்பு, அவசர வேலை.

டக்ட்டில் முதல் சிக்கல் அது போகும் இடம். மொட்டை மாடித் தளத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே இருக்கும் சந்துதான் மே மாதத்தில் வீட்டிலேயே அதிகம் சூடேறும் இடம். குளிர்ந்த காற்றை அதன் வழியாகவே அனுப்புகிறோம். மூட்டு சரியாக ஒட்டாவிட்டால் குளிர் அங்கேயே கசியும். இன்சுலேஷன் கிழிந்த இடத்தில் தகரம் வேர்த்து, ஜிப்சம் போர்டில் மஞ்சள் கறை விழும். நம் காற்றின் ஈரத்துக்கு டக்டுக்குள் பூஞ்சை பிடிக்கவும் நாளாகாது. சுத்தம் செய்யத் திறப்பு விடாமல் சீலிங்கை அடைத்திருந்தால் போர்டை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் மேல், தாத்தா ஒருவர் மதியம் கண்ணயர வீடு முழுக்கக் குளிர வேண்டியிருக்கும். அறைவாரியாகக் காற்றை அடைக்க டாம்பர் என்னும் தட்டு போடலாம்தான்; பழுதாக இன்னொரு பொருள் கூடுகிறது, அவ்வளவே. ஸ்ப்ளிட்டில் எந்த அறைக்கு ஆள் போகிறாரோ அந்த அறை மட்டும் ஓடும். ஒன்று படுத்துக்கொண்டாலும் மற்ற அறை தப்பும்.

பழைய வீடுகளில் யோசிக்கவே வேண்டாம். புதுச்சேரி வைசியாள் வீதிப் பக்கத்துத் தமிழ் வீடாகட்டும், துமா வீதிப் பக்கத்துப் பிரெஞ்சு வீடாகட்டும், மரச் சட்டம் வரிசையாகத் தெரியும் மெட்ராஸ் டெரஸ் கூரைதான் அந்த வீட்டுக்கே அழகு. அதை போர்டு போட்டு மூடுவது பாவம். ஸ்ப்ளிட்டுக்கு வேண்டியது இரண்டரை அங்குல ஓட்டை ஒன்று. சுண்ணாம்புச் சுவர் ஒன்றரை அடி தடிமன்கூட இருக்கும் என்பதால் உளியும் சுத்தியும் வேண்டாம். உள்பக்கம் கையகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழும். வட்டமாக அறுக்கும் கோர் கட்டிங் மெஷின் வைத்து, வெளிப்பக்கம் லேசாகச் சரிய ஓட்டை போட்டு, உள்ளே பிவிசி பைப் துண்டு செருகச் சொல்லுங்கள். வெளியே நிற்கும் பெட்டியான அவுட்டோரைப் பின்கட்டுக்கோ மாடிக்கோ கொண்டுபோனால் தெரு முகப்பும் கெடாது. முற்றம் வைத்த வீட்டில் கூடத்துக்கு ஏசி போடும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். அடைக்க முடியாத இடத்துக்கு எந்த டன்னும் பத்தாது.

டன் கணக்குக்கு வருவோம். ஒரு டன் என்பது 3,517 வாட் குளிரூட்டும் திறன். அப்படியானால் 1.5 டன் 5,275 வாட் இருக்க வேண்டும். கடையில் 1.5 டன் என்று நிற்கும் பல மாடல்களின் லேபிளைக் குனிந்து பார்த்தால் 4,700, 4,800 என்றுதான் போட்டிருக்கும். ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது, லேபிளிலேயே இருக்கிறது, நாம்தான் படிப்பதில்லை. நடு மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 1 டன் தாராளம். அதே அறை மேல் மாடியில், வெறும் தளத்துக்குக் கீழே, மேற்குச் சுவரோடு இருந்தால் 1.5 டன் வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று 2 டன் வாங்கி மாட்டுவதுதான் கடலோரத்தில் செய்யக் கூடாதது. அறை சட்டென்று குளிர்ந்துவிடும், கம்ப்ரசர் அடங்கிவிடும், காற்றிலிருக்கும் ஈரம் மட்டும் அப்படியே நிற்கும். 23 டிகிரியிலும் போர்வை பிசுபிசுக்கும். அளவான மெஷின் மெதுவாக, நெடுநேரம் ஓடினால்தான் உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளான காயிலில் ஈரம் படிந்து வெளியே போகும். ஆகவே 26 டிகிரி வைத்து ஃபேனையும் சுற்றவிடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பீ.இ.இ. சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி முதல் புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

மின்சிக்கனத்துக்கான லேபிளில் எத்தனை நட்சத்திரம் என்பதில் தமிழ்நாடு, புதுச்சேரி எல்லைக்கு இரு பக்கமும் கணக்கு வேறு. லேபிளில் உள்ள ஆண்டு யூனிட் 1,600 மணி நேரத்துக்கானது. 750 யூனிட் என்று போட்டிருந்தால் மணிக்கு அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இரவில் எட்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 225 யூனிட். 960 போட்ட மெஷினில் அது 290 ஆகும். கடலூரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங்; 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும், கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுக்கும் கூடுதல் விலை விழும். ஏற்கெனவே 230, 240 யூனிட் ஓடும் வீட்டில் அந்த 65 யூனிட் வித்தியாசம்தான் கோட்டைத் தாண்டவிடும். அங்கே ஐந்து நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் அதிகப் பணம் சீக்கிரம் திரும்பும். புதுச்சேரியில் மாதாமாதம் பில், கட்டண முறையும் வேறு. விருந்தினர் அறை மாதிரி எப்போதாவது ஓட்டும் இடத்துக்கு மூன்று நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசியே (கம்ப்ரசர் வேகம் தானாகக் கூடிக் குறைவது) போதும். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலைக் காட்டிப் பேரம் பேசும் கடையில் இதை நினைவுபடுத்துங்கள்.

இனி உப்பு. அவுட்டோர் காயிலில் காப்பர் குழாயைச் சுற்றி ஃபின் என்னும் மெல்லிய அலுமினியத் தகடுகள் இருக்கின்றன. இரண்டு வெவ்வேறு உலோகம், நடுவே உப்பு ஈரம். பேட்டரிக்குள் நடப்பதே இங்கும் நடந்து, அலுமினியம்தான் முதலில் தின்னப்படும். விரலால் தொட்டால் ஃபின் வெள்ளை மாவாக உதிரும். அப்புறம் காப்பர் நன்றாக இருந்தும் பயனில்லை, சூட்டை வெளியே தள்ள ஆளில்லை. ப்ளூ ஃபின், கோல்டு ஃபின் பூச்சுகள் இதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் மாதிரிக் கடலுக்கு முகம் காட்டும் வீடுகளில் பூச்சு இல்லாத ஃபினை வாங்கவே கூடாது. இருந்தாலும் பூச்சைவிட இடம் முக்கியம்: கடல் காற்று நேராக அடிக்கும் கிழக்குச் சுவரை விட்டு, வீட்டின் மறைவில் வையுங்கள். மாதம் ஒருமுறை மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, சாதாரண ஹோஸ் பைப்பில் நல்ல தண்ணீர் விட்டு காயிலைக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், ஃபின் மடங்கிவிடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவுவது வீண் வேலை.

ஸ்டாண்டை யாரும் பார்ப்பதில்லை. இலவசமாகத் தரும் பெயிண்ட் அடித்த இரும்பு ஸ்டாண்டு வெல்டிங் மூட்டில்தான் முதலில் துருப்பிடிக்கும். முப்பது கிலோ பெட்டி மூன்றாம் மாடியில் அதன்மேல் நிற்கிறது. ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததோ (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது), 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ கேளுங்கள். போல்ட், நட், வாஷரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே இருக்கட்டும். 2011 டிசம்பர் 30 தானே புயல் இந்தக் கரையில்தான் ஏறியது என்பதை மாடி வீட்டுக்காரர்கள் மறக்க வேண்டாம்: நான்கு காலிலும் போல்ட், சுவரில் ஆங்கர் ஃபாஸ்டனர், ரப்பர் புஷ்.

தரையில் வைப்பவர்களுக்கு வேறு கவலை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையில் புதுச்சேரி ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. அதுபோன்ற தாழ்வான இடத்தில் முந்தைய வெள்ளக் கோட்டுக்கு ஓரடி மேலே ஸ்டாண்டு வையுங்கள். அவுட்டோர் மூழ்கிவிட்டால், வடிந்ததும் போட்டுப் பார்ப்போம் என்று ஸ்விட்சைத் தொடாதீர்கள். இன்வெர்ட்டர் போர்டில் ஈரத்தோடு கரண்ட் போனால் கருகும். அவுட்டோரைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்து, மெக்கானிக் மெகர் (மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் மீட்டர்) வைத்துப் பார்த்த பிறகுதான்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவற்றில் பெரியது வேக்கம். ஆர்32 கேஸ் ஓடும் மெஷினில் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும்: குறைந்தது இருபது நிமிடம், வேக்கம் மீட்டரில் 500 மைக்ரான் வரை, பிறகு பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரக்காரர்கள் அவுட்டோரில் இருக்கும் கேஸையே கொஞ்சம் புஸ்ஸென்று விட்டு, காற்று போச்சு சார் என்பார்கள். போவது காற்று மட்டுமில்லை, கேஸின் அளவும் குறைகிறது. ஈரமோ உள்ளேயே தங்கி எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரசரின் வைண்டிங்கை அரிக்கும். ஆர்32 லேசாகத் தீப்பற்றக்கூடியது என்பது தனி. பம்ப் கொண்டு வராதவரை அடுத்த நாள் வரச் சொல்லுங்கள்.

கேஸ் கசிவில் பெரும்பங்கு ஃபிளேர் மூட்டில், அதாவது குழாயின் வாயை விரித்து நட்டால் இறுக்கும் இடத்தில். கட்டரால் வெட்டிய காப்பரின் விளிம்புப் பிசிறை, குழாயின் வாய் கீழ்நோக்கி இருக்கும்போது சுரண்ட வேண்டும். இல்லாவிட்டால் தூள் உள்ளே விழும். நட்டை முதலில் மாட்டிவிட்டுத்தான் ஃபிளேர் அடிக்க வேண்டும். இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர். ஒற்றை ஸ்பேனரில் முறுக்கினால் குழாய் சேர்ந்து திருகும், விரிசல் கண்ணுக்குத் தெரியாது, ஒரு மாதத்தில் குளிர் குறையும். முடித்ததும் சோப்பு நுரை வைத்துப் பார்ப்பது இலவசம். காப்பரின் சுவர் 0.8 மில்லிமீட்டர் இருக்கட்டும். ஆர்22 கேஸில் ஓடிய பழைய ஏசியின் குழாயை அப்படியே புதியதற்கு மாட்டும் சிக்கனம் வேண்டாம். இரண்டு குழாய்க்கும் தனித்தனியாக நைட்ரைல் ரப்பர் உறை, கடலோரத்துக்கு 13 மில்லிமீட்டர். மெல்லிய வெள்ளை ஃபோம் வெயிலில் பொடிந்து, குழாய் வேர்த்துச் சுவரை ஊறவைக்கும்.

பின்னாளில் கேஸ் போடும்போது ப்ரஷர் மீட்டரை மட்டும் நம்பி நிரப்பினால் இன்வெர்ட்டரில் அளவு தப்பும், வேகம் மாறிக்கொண்டே இருப்பதால். அவுட்டோர் பிளேட்டில் கிராமில் எழுதியிருக்கும். மிச்சத்தை வெளியே எடுத்து, வேக்கம் போட்டு, தராசில் நிறுத்துப் போட வேண்டும். வருடா வருடம் கேஸ் போடும் வீட்டில் கசிவை யாரும் தேடவில்லை என்று அர்த்தம். கேஸ் தேயும் பொருளல்ல.

உள்ளே தண்ணீர் சொட்டினால் பத்துக்கு எட்டு, தண்ணீரை வெளியேற்றும் டிரெய்ன் குழாய்தான் காரணம். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு, நடுவே தொங்கல் கூடாது, முனை வாளித் தண்ணீருக்குள்ளோ சாக்கடைக்குள்ளோ முங்கக் கூடாது. பாசியும் எறும்பும் அடைக்கும், எலி கடிக்கும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவுங்கள். டிரெய்னில் வரும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். பேட்டரிக்கு மட்டும் வேண்டாம்.

மின் இணைப்பு: தனி லைன், 4 சதுர மி.மீ. காப்பர் ஒயர், சி டைப் எம்சிபி (மின்சுமை மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்), நல்ல எர்த். ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று எழுதியிருப்பது குறிப்பிட்ட வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்குத்தான், இடிக்கு இல்லை. பல்லி அவுட்டோர் போர்டில் விழுந்து கருகுவது இங்கே அடிக்கடி நடக்கும். ஒயர் நுழையும் ஓட்டைகளை அடைக்கச் சொல்லுங்கள்.

ஸ்ப்ளிட்டின் குறை ஒன்றைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்: வெளிக்காற்றை அது ஒரு துளியும் உள்ளே கொண்டு வருவதில்லை. நான்கு பேர் கதவடைத்துத் தூங்கும் அறையில் காலையில் தலை கனப்பது இதனால்தான். படுக்குமுன் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். இன்னொன்று, ஒரே அவுட்டோரில் மூன்று இன்டோர் ஓட்டும் மல்டி ஸ்ப்ளிட். வெளியே இடமே இல்லாத ஃபிளாட்டுக்குச் சரி. மற்றபடி அவுட்டோர் ஒன்று உப்பரித்தால் மூன்று அறையும் வியர்க்கும்.

வாரண்டி அட்டையில் கம்ப்ரசருக்குப் பத்து வருடம் என்று பெரிதாகப் போட்டிருக்கும். காயிலுக்கும் போர்டுக்கும் எத்தனை வருடம், உப்பு அரிப்பை விலக்கியிருக்கிறார்களா, கேஸ் அதில் அடங்குமா என்ற மூன்று வரியையும் பணம் கட்டுமுன் கடையிலேயே படியுங்கள். இன்டோர் காயிலையும் சேர்த்துக் கேளுங்கள்: புது பிளைவுட் அலமாரியும் பசையும் விடும் ஆவி, உள்ளே இருக்கும் காப்பரிலும் எறும்புப் புற்று மாதிரி நுண்ணிய ஓட்டை போடும். இன்டீரியர் வேலை முடிந்து வாடை அடங்கிய பிறகு மாட்டச் சொன்னால் மெக்கானிக் சிரிப்பார், சிரிக்கட்டும்.