வெளிச்செல்லும் மெயிலுக்கு எம்எக்ஸா, ரவுண்ட் ராபினா?

மெயில் அனுப்ப இரண்டு ரிலே சர்வர்கள் (நம் மெயிலை வாங்கி வெளியே அனுப்புபவை) இருக்கின்றன. சுமையை இரண்டும் பங்கிட வேண்டும், ஒன்று படுத்தால் மற்றது தாங்க வேண்டும். டிஎன்எஸ்ஸிலேயே (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் அமைப்பு) முடிப்பதென்றால் ஒரே பெயருக்கு இரண்டு ஏ ரெக்கார்டு (பெயருக்கான ஐபி முகவரியைச் சொல்லும் பதிவு) போடலாம்; இதுதான் ரவுண்ட் ராபின். அல்லது ரிலேவுக்கென்று தனிப்பெயர் வைத்து, ஒரே முன்னுரிமை எண்ணில் இரண்டு எம்எக்ஸ் (மெயிலை எந்த சர்வரிடம் தர வேண்டும் என்று சொல்லும் பதிவு) போடலாம். நான் எம்எக்ஸுக்கு மாறிவிட்டவன், அதனால் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்.

சுமைப் பங்கீட்டில் பெரிய வித்தியாசமில்லை. எஸ்பிஎஃப் (நம் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற ஐபிகளின் பட்டியல்), ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயர்) இரண்டிலும் எல்லா ஐபியும் சரியாக இருக்க வேண்டும் என்பதும் பொது.

பராமரிப்பில்தான் விஷயம் பிரிகிறது. ஏ ரெக்கார்டை எந்த அப்ளிகேஷனும் புரிந்துகொள்ளும். ஆனால் முதல் முகவரி பதில் தராதபோது அடுத்ததை முயல்வதா, பிழை காட்டி நிற்பதா என்பது அதனதன் லைப்ரரியின் குணம். ஒரு சர்வரை அப்டேட்டுக்காக நிறுத்தவே ரெக்கார்டை நீக்கி, டிடிஎல் (பழைய பதிலை நினைவில் வைத்திருக்கும் கால அளவு) தீரும்வரை காத்திருக்க வேண்டும். டிடிஎல்லை மதிக்காமல் பழைய முகவரியையே பிடித்துக்கொள்ளும் அப்ளிகேஷன்களும் உண்டு.

எம்எக்ஸ் பார்க்க அப்ளிகேஷனுக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு மெஷினிலும் லோக்கலாக ஒரு போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் சர்வர் மென்பொருள்) வைக்க வேண்டும். கூடுதல் வேலைதான், ஆனால் லாபமும் அங்கேதான்: மெயில் உடனே லோக்கல் க்யூவுக்கு (காத்திருப்பு வரிசை) போய்விடும், அடுத்த ரிலேவை முயல்வது போஸ்ட்ஃபிக்ஸ் பாடு. ரிலேவில் சர்வீஸை நிறுத்தினால் போதும், டிஎன்எஸ்ஸைத் தொடவே வேண்டாம். ஏ ரெக்கார்டுகளிலும் போஸ்ட்ஃபிக்ஸ் அடுத்த முகவரிக்குப் போகும், அது உண்மை. ஆனால் சிறிய முன்னுரிமை எண்தான் முதலில் முயலப்படும் என்பதால், மூன்றாவதாக ஒரு சுமாரான சர்வரை 20 என்ற எண்ணில் ஒதுக்கி வைத்து, 10-இல் உள்ள இரண்டும் கைவிட்டால் மட்டும் அதைத் தொடும்படி டிஎன்எஸ்ஸிலேயே செய்ய, இந்த இரண்டு வழிகளில் எம்எக்ஸில்தான் முடியும்.

போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பில், எந்த ரிலேவுக்கு அனுப்புவது என்று சொல்லும் ரிலேஹோஸ்ட் வரியில் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடாதீர்கள். போட்டால் எம்எக்ஸைப் பார்க்காமல் நேரே ஏ ரெக்கார்டுக்குப் போய்விடும். ரிலே மெஷினே செத்துக் கிடந்தால் ஒவ்வொரு முயற்சியும் கனெக்ட் டைம்அவுட் வரை, அதாவது இயல்பாக 30 நொடி, தொங்கும். உள் நெட்வொர்க்கில் 5 நொடி தாராளம்.

ரிலேக்களுக்கு முன்னால் நின்று சுமையைப் பங்கிடும் ஹெச்ஏபிராக்ஸி என்ற மென்பொருள் இன்னொரு வழி. அதையே இரட்டையாக வைக்காவிட்டால், அது விழும்போது எல்லாமே விழும். எஸ்ஆர்வி ரெக்கார்டை (ஒரு சேவை எந்த சர்வரில், எந்த போர்ட்டில் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) போஸ்ட்ஃபிக்ஸ் 3.8 முதல் ஆதரிக்கிறது. நான் சோதனைக்குமேல் ஓட்டியதில்லை என்பதால் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்புறம், செத்த ரிலே ஏற்கெனவே வாங்கி க்யூவில் வைத்த மெயிலை இதில் எந்த வழியும் மீட்காது. அது அந்த டிஸ்கோடுதான் எழும்.