மூன்று பெருநகரங்களில் குடியிருந்து பார்த்ததில்: ராமநாதபுரம் கரையிலிருந்து போன ஒரு கே (ஓரின ஈர்ப்புள்ள) ஆணின் அனுபவம்

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் ஒரு கரையூர் எனக்கு. ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்து இதைத்தான் கேட்கிறான்: "அண்ணே, நம்மள மாதிரி ஆளுக்கு எந்த ஊர் சரிப்படும்?" பெங்களூரு, மும்பை, சென்னை என்று மூன்றிலும் வருடக்கணக்கில் வாடகை கொடுத்து இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது முப்பதுக்குள், கையில் ஓரளவு நல்ல சம்பளம் என்றால் பெங்களூருக்குப் போ. துணை ஒருவன் அமைந்து, அவனோடு குடித்தனம் நடத்தி வயசாக வேண்டும் என்றால் சென்னை. மும்பை அருமையான ஊர்தான். ஆனால் நம் கரையிலிருந்து முதல்முறை கிளம்புகிறவனுக்கு அதைச் சொல்லமாட்டேன்.

ஊரில் என்ன குறை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். ஆம்பளைகள் வலையைச் சரிபார்த்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது பேச்செல்லாம் யாருக்குப் பெண் பார்த்தாச்சு, யாருக்கு இன்னும் பார்க்கலை என்பதுதான். இருபத்தெட்டு வயதைத் தாண்டிவிட்டால் அந்த நிழல் பக்கமே போக முடியாது. மொய் வேறு. கல்யாணம், காதுகுத்து என்று நான் எழுதிய மொய் எதுவும் எனக்குத் திரும்பி வரப்போவதில்லை. ஊரிலேயே நஷ்டக் கணக்கோடு மொய் எழுதுகிற ஆள் நான்தான்.

டேட்டிங் ஆப்பைத் திறந்தால் முகம் காட்டுகிற ஆள் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மதுரையில் இருப்பான். பக்கத்தில் காட்டுகிறவர்களுக்கு முகமே இருக்காது. அவர்களில் பாதிப் பேர் நம்மைப் போலவே பயந்தவர்கள். மீதியில் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு பணம் கேட்டு மிரட்டுகிறவனும் உண்டு. அப்படி யாராவது மாட்டினால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பான். சைபர் குற்றங்களுக்கான 1930-க்கு அடியுங்கள்.

பெங்களூரில் எனக்குக் கிடைத்த பெரிய வரம், அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை. வரவேற்கிற ஊர் என்றால் கைநீட்டி அழைக்கிற ஊர் என்று நினைத்துப் போனேன். உண்மையில், நம்மைப் பார்த்து அப்பாவுக்கு போன் போட ஆளில்லாத ஊர் அது. முதல் ஊருக்கு அதுவே போதும். அங்கே இந்த விஷயம் நேற்று முளைத்ததும் இல்லை. 'குட் ஆஸ் யூ' என்ற ஆதரவுக் குழு 1994-லேயே தொடங்கியது. 'நம்ம பிரைட்' என்ற நம்மவர்களின் பேரணி 2008-லிருந்து நடக்கிறது. பப்பில் கூடுகிற கூட்டம் தனி. அதற்குச் சட்டைப்பை கனமாக இருக்க வேண்டும். கப்பன் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசக் காசு வேண்டாம். என் நெருங்கிய நண்பர்களில் பலரை அங்கேதான் பிடித்தேன்.

வேலை பற்றியும் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், நம்மைக் குற்றவாளியாக்கிய சட்டப் பிரிவு 377-ஐ வெட்டிய பிறகு, பெரிய கம்பெனிகள் பல துணைவரையும் மருத்துவக் காப்பீட்டில் சேர்க்க ஆரம்பித்தன. ஆனால் அது கம்பெனியின் நேரடி ஊழியனுக்கு. அதே கட்டடத்தில் கான்ட்ராக்டில் இருக்கிற செக்யூரிட்டிக்கும் கேப் ஓட்டுநருக்கும் அந்தச் சலுகையும் கிடையாது, அடையாள அட்டை தொங்கும் வானவில் பட்டையும் கழுத்தில் கிடையாது. டிப்ளமோ முடித்து குடோன் வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் போகிற நம்மூர்ப் பையன்தான் அங்கே அதிகம். 'பெங்களூரு ரொம்ப ஓப்பன்' என்று யாராவது சொன்னால், எத்தனை சம்பளத்தில் என்று திருப்பிக் கேளுங்கள். வீட்டு முன்பணம் ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்பார்கள். அதைப் புரட்ட முடியாதவன் பி.ஜி.யில் நாலு பேரோடு ஒரு ரூமில் கிடப்பான். நாலு பேர் ரூமில் என்ன சுதந்திரம்?

மும்பைக்கு வேலை மாற்றலில் போனேன். நம்மவர்களுக்கான ஹம்சஃபர் டிரஸ்ட் அமைப்பு 1994-லிருந்து அங்கே இயங்குகிறது. 2010-லிருந்து நம்மவர் கதைகளைக் காட்டும் காஷிஷ் திரைப்பட விழா நடக்கிறது. இந்த மூன்று ஊரில், ஆண்கள் இரண்டு பேர் நெருக்கமாக நடந்துபோனால் திரும்பிப் பார்க்கக்கூட யாருக்கும் நேரமில்லாத ஊர் அதுதான். கோலிவாடா என்கிற மீனவர் குடியிருப்புப் பக்கம் போனால் மீன் காயப்போட்ட வாடை வரும், ஊர் ஞாபகம் வந்து நெஞ்சை அடைக்கும். வீடுதான் சிக்கல். பதினோரு மாத ஒப்பந்தம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. அதற்கு மேல் ஹவுசிங் சொசைட்டி கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்து, பேச்சிலருக்குத் தரலாமா வேண்டாமா என்று விசாரிப்பார்கள். இந்தியில் தடுமாறுகிறவனுக்கு அந்த அறை கோர்ட்டு மாதிரிதான்.

அப்பத்தா இறந்த சேதி வந்தபோது மும்பையில் இருந்தேன். விமானத்தில் மதுரை வந்து, பஸ் பிடித்து ஊர் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா, "தூரத்துல இருக்குற புள்ளைக்கு என்னத்தச் செய்ய" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த ஊர் நல்ல ஊர் என்று நான் போட்ட கணக்கில், இழவுக்குப் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதும் சேர்ந்துவிட்டது. பெங்களூரிலிருந்து இரவு பஸ் ஏறினால் எப்படியும் காலையில் ராமநாதபுரம். சென்னையிலிருந்து சேது எக்ஸ்பிரஸில் படுத்தால் விடியும்போது ஊர்க்காற்று. இதையெல்லாம் எந்த நகரத் தரப்பட்டியலிலும் போடமாட்டார்கள்.

சென்னைக்கு வருவோம். இங்கே உள்ள தொல்லை நேர் எதிர். எங்கு திரும்பினாலும் நம்ம ஆள். காசிமேட்டில் பெரியப்பா வகையறா, மண்ணடியில் கீழக்கரைக்காரர்கள், தாம்பரத்தில் கூடப் படித்தவன். ஜூன் கடைசியில் நடக்கும் வானவில் பேரணி 2009-லிருந்து இருக்கிறது. முதல்முறை போனபோது தொப்பியும் முகமூடியும் போட்டுக்கொண்டுதான் நடந்தேன். இப்போதும் அப்படி நடக்கிறவர்கள் உண்டு, யாரும் தவறாக நினைப்பதில்லை. ஓரினம், சகோதரன் போன்ற அமைப்புகள் இருபது வருடத்துக்கும் மேலாக இங்கே இருக்கின்றன. எனக்கு அவற்றில் பிடித்தது, எல்லாவற்றையும் தமிழிலேயே பேச முடிவது. மனசில் உள்ளதை ஆங்கிலத்தில் சொன்னால் பாதி உள்ளேயே தங்கிவிடுகிறது.

வீடு தேடிய கதை தனி. நானும் என் துணைவனும் சேர்ந்து போனோம். வீட்டுக்கார அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். இதோ வருகிறது கேள்வி என்று இரண்டு பேருக்கும் வியர்த்தது.

"எந்த ஊருப்பா?"

"ராமநாதபுரம் பக்கம்மா. கடற்கரை."

"அப்ப கருவாடு சமைப்பீங்களே?"

வீடு கிடைக்கவில்லை. கருவாட்டால் போன வீடு அது ஒன்றுதான் என்றும் சொல்ல முடியாது. இரண்டு ஆண்கள் சேர்ந்து தங்குவது நம்மூரில் யாருக்கும் சந்தேகத்தைக் கிளப்பாது. முப்பத்தைந்து வரை அந்தப் போர்வை தாங்கும். அதற்கு மேல் "ரெண்டு பேருமே கட்டிக்கலையா?" என்று கீழ்வீட்டில் ஆரம்பிப்பார்கள். ஆகவே நல்ல வீடு கிடைத்தால் அடிக்கடி மாற்றாதீர்கள், பழகின முகத்தை யாரும் குடைவதில்லை. ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் போடுங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம், பேரம் பேசவாவது அது உதவும்.

சென்னைக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவதற்குக் காரணம் உயர் நீதிமன்றம். 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவில், 'ஓரின ஈர்ப்பை மாற்றுகிறேன்' என்று சொல்லிச் செய்யும் சிகிச்சைக்குத் தடை சொன்னார், போலீஸ் தொந்தரவு செய்யக்கூடாது என்றார். அடுத்த வருடம் காவலர் நடத்தை விதியிலேயே மாநில அரசு அதைச் சேர்த்தது. 2025 மே மாதம், இரண்டு பெண்கள் சம்பந்தப்பட்ட வழக்கில், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது. பாஷை தெரியாத ஓர் ஊரில் ராத்திரி ரோந்துக்காரர் நிறுத்தியபோது வாயடைத்து நின்றிருக்கிறேன். இங்கே நின்று பதில் சொல்கிறேன், அதுவும் 'சார்' போட்டு.

ஆனால் கல்யாணம் என்ற காகிதம் எந்த ஊரிலும் கிடையாது. உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்போடு அது முடிந்தது. அதனால் மற்ற காகிதங்களைச் சேர்க்க வேண்டும். கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் ஒன்றிய நிதியமைச்சகம் தெளிவுபடுத்தியது. நாங்கள் போனபோது கவுன்டரில் இருந்த பெண் விண்ணப்பத்தைப் பார்த்து, "பிரதரா சார்?" என்றார். இல்லை. "கசினா?" இல்லை. பேனாவை ஒரு நிமிடம் காற்றிலேயே பிடித்திருந்துவிட்டு, "சரி, அதர்ஸ்னு போட்டுக்கிறேன்" என்று எழுதி முத்திரை குத்தினார். வேலை முடிந்தது. நாமினி என்பதால் மட்டும் பணம் அவனுக்குச் சொந்தமாகிவிடாது, உயில் தனியாக எழுத வேண்டும். பதிவுகூடக் கட்டாயமில்லை, இரண்டு சாட்சி கையெழுத்து போதும்.

அம்மாவுக்குக் கண் புரை வந்தபோது எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன். எனக்கு லீவு இல்லாத நாளில் வரிசையில் நின்றதும், சொட்டு மருந்து விட்டதும் அவன்தான். அம்மா என்னிடம் எதுவும் கேட்டதில்லை, நானும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. இப்போது போனில் முதலில் "அந்தத் தம்பி சாப்டுச்சா?" என்கிறார். மும்பையில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. பெங்களூரில் நடந்திருக்கலாம், பாஷை தெரியாமல் அம்மா இரண்டு நாளில் கிளம்பியிருப்பார்.

கிளம்பவே வழியில்லாதவர்களுக்கு மதுரை இருக்கிறது. 2012-லேயே வானவில் பேரணி கண்ட ஊர், காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் தெரிந்த முகம் இருக்குமே என்று தள்ளிப்போடாதீர்கள். மதுரை அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். விவரம் கேட்க 1097, அதற்கும் காசில்லை.