யாரைப் பின்தொடர்வது, எங்கே எழுதுவது?

ஃபாலோ பட்டியலைச் சுத்தம் செய்ய உட்கார்வதற்கு முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். ட்விட்டர் (இப்போது எக்ஸ்) 2023 மார்ச்சில் தானே வெளியிட்ட விளக்கத்தின்படி, தளமே தேர்ந்தெடுத்துக் காட்டும் ‘ஃபார் யூ’ பகுதியில் வருவதில் சராசரியாகப் பாதி நாம் பின்தொடராதவர்கள் எழுதியது. ஐந்நூறு பேரை நீக்கிவிட்டு ஐம்பது பேரை மட்டும் வைத்துக்கொண்டாலும் அந்தப் பாதியை நம்மால் தொட முடியாது. அதனால் யாரை வைத்துக்கொள்வது என்று யோசிக்கும்போதே அவர்களை எந்த வழியாகப் படிப்பது என்பதையும் முடிவு செய்துகொள்வது நல்லது.

தளத்தை விட்டு வெளியேறாமலே செய்யக்கூடியவை சில உண்டு. எக்ஸில், நாம் பின்தொடர்கிறவர்களுக்கான ‘ஃபாலோயிங்’ பகுதி இருக்கிறது. இன்ஸ்டாகிராம் 2022 மார்ச்சிலும், ஃபேஸ்புக் அதே ஆண்டு ஜூலையிலும் நேர வரிசையில் காட்டும் பகுதியைக் கொண்டுவந்தன. ஆனால் அதை நாமாகத் தேடிப் போய்த் திறக்க வேண்டும். நாம் தேர்ந்தெடுத்தவர்களின் பதிவுகளைத் தனியாகப் படிக்க உதவும் எக்ஸின் லிஸ்ட் வசதி இதைவிட மேல். லிஸ்ட்டைத் தனிப்பட்டதாக வைத்தால், அதில் யாரைச் சேர்த்தோம் என்பது அவர்களுக்கே தெரியாது. அவர்களை ஃபாலோ செய்யவும் வேண்டியதில்லை. ஃபேஸ்புக்கில் நண்பராக நீடித்துக்கொண்டே ஒருவரை அன்ஃபாலோ செய்யலாம், அவருக்கு அறிவிப்பும் போகாது. தினமும் பத்து ஃபார்வர்டு போடும் சித்தப்பா விஷயத்தில் இதைவிடச் சுமுகமான ஏற்பாடு கிடையாது.

இன்னொரு வழி, பழைய பதிவர்கள் செய்தியோடை என்று சொன்ன ஆர்எஸ்எஸ். ஒரு தளத்தில் புதிதாக வருபவற்றை நம் செயலி தானே எடுத்துவந்து காட்டும் ஏற்பாடு இது. பல வலைப்பதிவுகளின் புதிய இடுகைகளை ஒரே இடத்தில் காட்டிய, 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் ஓடிக்கொண்டிருந்தது இதை வைத்துத்தான். திரட்டியில் எல்லோரும் ஒரே பட்டியலைப் பார்த்தோம். ஃபீட்லி, இனோரீடர், நெட்நியூஸ்வயர் போன்ற, ஓடை படிக்கும் ‘ரீடர்’ செயலிகளில் பட்டியல் அவரவருடையது. 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் மூடப்பட்டபோது ஆர்எஸ்எஸ் செத்துவிட்டது என்று பலர் கைவிட்டார்கள். உண்மையில் பிளாகர், வேர்ட்பிரஸ், சப்ஸ்டாக், மாஸ்டடான் எல்லாமே இன்றும் ஓடை தருகின்றன, யூடியூப் சேனல்கள் உட்பட. ஃபேஸ்புக், எக்ஸ், இன்ஸ்டாகிராம் மூன்றும் தருவதில்லை.

இரண்டில் எது என்றால், ஆளைப் பொறுத்து என்பேன். மாதம் ஒரு நல்ல கட்டுரை எழுதுகிறவர் ஃபேஸ்புக்கில் காணாமலே போய்விடுவார். அடிக்கடி எழுதுகிறவர்களுக்குத்தான் அங்கே வெளிச்சம். ஓடையில் அவர் எழுதிய அன்று தவறாமல் வந்து நிற்பார். நாளிதழ்களின் கதை தலைகீழ். அவற்றை ரீடரில் சேர்த்தால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் குவிந்து, அப்புறம் ரீடரைத் திறக்கவே பயமாக இருக்கும். அவற்றைச் சேர்க்காதீர்கள். உடனடிச் செய்திக்கும் சண்டை பார்க்கவும் டைம்லைன் போதும். ரீடரில் அரட்டை கிடையாது, புது ஆட்களும் தாமாகக் கண்ணில் பட மாட்டார்கள். அதற்காகவே ஒரு சமூக ஊடகக் கணக்கை வைத்திருக்கலாம்.

சரி, நாமே எழுதுகிறவர்களாக இருந்தால்? பிளாகர், ட்விட்டர், மீடியம் மூன்றையும் தொடங்கியவர்களில் ஈவன் வில்லியம்ஸ் இருக்கிறார். ஒரே மனிதர் பங்கெடுத்த மூன்றில் ஓசையின்றி அப்படியே கிடப்பது 1999இல் வந்த பிளாகர்தான். 2003இல் கூகுள் அதை வாங்கியது. புதிதாக எதுவும் சேர்வதில்லை, வார்ப்புருக்கள் பழைய வாசனை அடிக்கின்றன. ஆனாலும் காசு கேட்பதில்லை, நம்மைக் கேட்காமல் விளம்பரம் போடுவதில்லை, சொந்த டொமைனை (நாமே வாங்கிய இணைய முகவரியை) இணைக்கவும் கட்டணம் இல்லை.

அந்தக் கடைசி வசதியைப் பெரும்பாலான தமிழ்ப் பதிவர்கள் பயன்படுத்தவில்லை. 2012இலிருந்து சில ஆண்டுகள் இந்தியாவில் திறந்த பிளாக்ஸ்பாட் (பிளாகர் இலவசமாகத் தரும்) முகவரிகளையெல்லாம் கூகுள் ‘டாட் இன்’ என்று மாற்றிக் காட்டியது. பலரும் அதையே காப்பி செய்து பகிர்ந்தார்கள். 2020இல் அந்த டொமைன் கூகுளின் கையை விட்டே போனது. பகிர்ந்த சுட்டிகளும் செத்தன. டாட் காமில் இடுகைகள் அப்படியே இருந்தன, ஆனால் பழைய சுட்டியைத் தட்டிய வாசகருக்கு அது எப்படித் தெரியும்?

வேர்ட்பிரஸில் இரண்டு வகை இருப்பது புதியவர்களைக் குழப்பும். டாட் காம் என்பது ஆட்டோமேட்டிக் நிறுவனம் நடத்தும் சேவை. இலவசத் திட்டத்தில் சொந்த டொமைன் கிடையாது. டாட் ஆர்க் என்பது நாமே ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகை இடம்) வாங்கி நிறுவிக்கொள்ளும் மென்பொருள். பின்னதில் எதையும் செய்யலாம். ஆனால் ஆண்டுதோறும் பில் கட்ட வேண்டும், பிளக்இன்களை (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்களை) புதுப்பிக்க வேண்டும். பில் கட்டத் தவறினால் தளம் போய்விடும். மாதம் இரண்டு கட்டுரைக்கு இவ்வளவு பராமரிப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

சப்ஸ்டாக் நாம் எழுதியதை வாசகரின் மின்னஞ்சலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சந்தாதாரர் பட்டியலையும் நாம் இறக்கிக்கொள்ளலாம். கட்டணச் சந்தாவில் 10 சதவீதம் அவர்களுக்கு. பணம் வாங்க ஸ்ட்ரைப் என்ற பணப் பரிமாற்றச் சேவையில் கணக்கு வேண்டும். இந்தியாவில் 2024 மே முதல் அது அழைப்பு இருந்தால்தான் என்றாகிவிட்டது. தமிழுக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. ஜிமெயில் சுமார் 102 கேபிக்கு மேற்பட்ட மடலைப் பாதியில் வெட்டிவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழில் ‘க’வுக்கு மூன்று, ‘கொ’வுக்கு ஆறு. ஆங்கிலத்தில் முழுதாகப் போகும் நீளம் தமிழில் முடிவுக்கு முன்பே அறுந்துவிடலாம்.

பக்கங்களை முன்கூட்டியே தயார் செய்து தரும் ஹியூகோ, ஜெக்கில் போன்ற மென்பொருள்களில் உருவாக்கிய தளத்தை, நிரலர்கள் கோப்புகளைச் சேமிக்கும் கிட்ஹப்பில் இலவசமாக ஏற்றி வைக்கலாம். அதற்குப் பயன்படும் கிட் என்ற மென்பொருள் தெரிந்தவர்களுக்கு அருமை. போனிலேயே எழுதுகிறவர்கள் விட்டுவிடலாம்.

என் தேர்வு பிளாகரும் சொந்த டொமைனும்தான். பின்னால் வேர்ட்பிரஸுக்குப் போக நினைத்தால் இடுகைகளையும் பின்னூட்டங்களையும் இறக்குமதி செய்யும் கருவி இருக்கிறது, முகவரியும் மாறாது. டொமைனை நண்பர் பெயரில் வாங்காமல் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முகவரி வைக்கவும் வழி இருக்கிறது. காப்பி செய்து ஒட்டும்போது அது பல இடங்களில் ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிடும் என்பதால், அதை இரண்டாவது முகவரியாக வைத்துக்கொள்வதே இப்போதைக்கு வசதி.